ஆள் மாறிய பிறகு ஒரு ராக் பேண்டைத் திரும்பக் கட்டுவது

நாலு பேர் கொண்ட பேண்டில், பாடிக்கொண்டே கிட்டாரும் வாசித்தவர் விலகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மீதி மூன்று பேருக்கும் முதலில் தோன்றுவது, அதே குரலில் பாடி அதே மாதிரி வாசிக்கிற இன்னொருவரைத் தேடிப் பிடிப்பது. இது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. வந்தவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஒவ்வொரு பாட்டிலும் போனவரோடு ஒப்பிடப்படுவார். ஆறு மாதத்தில் அவருக்கே அலுத்துவிடும். பேண்ட் தன் சொந்தப் பாட்டையே, அடுத்தவர் பாட்டைப் பாடுவதுபோல, கவர் பாடுகிற நிலைக்கு வந்துவிடும். கீழே வரும் வேலைகள் வேறு வழியில் போகின்றன. இப்போது அறையில் யார் இருக்கிறார்களோ, அவர்களுடைய குரலுக்கும் கைக்கும் ஏற்றபடி பாட்டுகளை மறுபடி கட்டுவதுதான் அந்த வழி.

இதற்கு மூன்று நல்ல முன்மாதிரிகள் உண்டு. மூன்றும் வெவ்வேறு முடிவு எடுத்தவை என்பதால் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.

மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் பேண்டின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று இறந்தார். மீதி மூவரும் வெளியிலிருந்து பாடகரைக் கொண்டுவரவில்லை. நியூ ஆர்டர் என்று பெயரை மாற்றிக்கொண்டு, மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் கிட்டார் வாசித்துவந்த பெர்னார்ட் சம்னர் பாடகர் ஆனார். அந்த அக்டோபரில் கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் கில்லியன் கில்பர்ட் வந்தார். மூவராக ஏற்கெனவே பதிவு செய்திருந்த 'செரிமனி' பாட்டை, அவர் வந்த பிறகு நால்வராக மறுபடி பதிவு செய்தார்கள். 1981-இல் இரண்டு பதிவுகளும் வெளிவந்தன. அவர்களுக்கே உரிய ஒலி முழுதாகத் திரண்ட 'புளூ மண்டே' வந்தது 1983 மார்ச்சில்தான். கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகியிருக்கிறது. கீழே சொல்லும் எட்டு வாரப் பயிற்சியிலேயே உங்களுக்கு எல்லாம் அமைந்துவிட வேண்டும் என்று பதறத் தேவையில்லை.

இங்கிலாந்தின் பிளாக் கன்ட்ரி, நியூ ரோட் இன்னும் துணிச்சலாகப் போனது. இரண்டாவது ஆல்பம் வெளிவர நான்கு நாள் இருக்கும்போது, 2022 ஜனவரி 31 அன்று, பாடகர் ஐசக் வுட் விலகுவதாக அறிவித்தார். மிச்சமிருந்த ஆறு பேரும் அவர் பாடிய பாட்டுகளை மேடையில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்தக் கோடைகாலத் திருவிழா மேடைகளுக்காகவே புதுப் பாட்டுகள் எழுதினார்கள், பாடுவதைப் பங்கிட்டுக்கொண்டார்கள். டிசம்பரில் லண்டன் புஷ் ஹாலில் அவற்றை நேரடியாகப் பதிவு செய்து 2023 மார்ச்சில் ஆல்பமாக வெளியிட்டார்கள். ஸ்டுடியோ ஆல்பம் 2025-இல்தான் வந்தது.

டெல்லியின் இந்தியன் ஓஷனில் தபேலா வாசித்துக்கொண்டே பாடியவர் அஷீம் சக்ரவர்த்தி. 2009 டிசம்பர் 25 அன்று அவர் இறந்தார். ஒருவர் செய்த வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள்: பாட ஹிமான்ஷு ஜோஷி, தபேலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி. பெயரும் பழைய பாட்டுகளும் தொடர்ந்தன.

ஆக, முதலில் தீர்க்க வேண்டியவை மூன்று: பெயர் தொடர்கிறதா, பழைய பாட்டு தொடர்கிறதா, போன இடத்துக்கு எத்தனை பேர். இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் ஆடிஷன் வைத்தால், வருகிறவர் எதற்காக வருகிறார் என்று அவருக்கும் புரியாது, உங்களுக்கும் புரியாது.

முதலில் கையிருப்பை எண்ணுங்கள்

விலகல் சுமுகமாக இருக்கும் நாட்களிலேயே இதை முடித்துவிட வேண்டும். ஒரு மாதம் தள்ளிப்போனால் பேச்சுவார்த்தை குறையும், ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ரெக்கார்டிங் புராஜெக்ட் கோப்பு, தனித்தனி டிராக்குகள், பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்), ஸ்கேல், டியூனிங், கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) எந்த ஃப்ரெட்டில், கீபோர்டு பேட்ச் (சேமித்த ஒலி அமைப்பு), பெடல் அமைப்பின் புகைப்படம் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும். புராஜெக்ட் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டால் போதாது. அதில் உள்ள பிளக்இன் உங்கள் கணினியில் இல்லையென்றால் பாதி டிராக் திறக்காது. எல்லா டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து 24 பிட் வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்து வாங்குங்கள். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கினால் எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாக உட்காரும்.

அடுத்து கணக்குகள். மின்னஞ்சல், யூடியூப், இன்ஸ்டாகிராம், பாட்டை ஸ்பாட்டிஃபைக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு, டொமைன் பெயர். இவை யாருடைய தனிப்பட்ட மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு போனவரின் கைபேசி எண்ணில் இருந்தால், கடவுச்சொல் கையில் இருந்தும் உள்ளே நுழைய முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டரை மாற்ற வேண்டி வந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள ஐஎஸ்ஆர்சி எண்ணை (பதிவை அடையாளம் காட்டும் தனி எண்) குறித்துக்கொண்டு, புதிய இடத்தில் அதே எண்ணோடு ஏற்றுங்கள். எண் மாறினால் அந்தப் பாட்டு இதுவரை சேர்த்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். புதியவர்களோடு மறுபடி பதிவு செய்த பாட்டுக்கு இதற்கு நேர்மாறு. அது வேறு பதிவு, புது எண்தான் வாங்க வேண்டும்.

பணமும் உரிமையும்

நட்பு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன என்பதை எல்லோரும் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை வராது. ஒன்று, வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை. மற்றொன்று, அந்தப் பதிவுக்கு உள்ள உரிமை. விலகியவர் வரியையோ மெட்டையோ எழுதியிருந்தால், அந்தப் பங்கு அவர் பேண்டில் இல்லாவிட்டாலும் அவருடையதே. நீங்கள் நால்வராக மறுபடி பதிவு செய்தாலும் எழுதியவர் பெயர் மாறாது. இந்தியச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். கூட்டாக எழுதிய பாட்டை ஒரு படத்துக்கோ விளம்பரத்துக்கோ கொடுக்க, எழுதிய எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

ஒரு பக்கத் தாள் போதும். பாட்டு வாரியாக வரிக்கு யார், மெட்டுக்கு யார், எத்தனை சதவீதம். பழைய பதிவுகளின் ஸ்ட்ரீமிங் வருமானம் எப்படிப் பிரியும். பொதுப் பணத்தில் வாங்கிய ஆம்ப், மைக் போன்றவற்றின் இன்றைய விலையில் அவருடைய பங்கு எவ்வளவு. அவர் தனியாக மேடை ஏறும்போது எந்தப் பாட்டுகளைப் பாடலாம். பேண்டின் பெயர் யாருடையது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். அந்தச் சதவீதங்களையே பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பிலும் பதிவு செய்யுங்கள். மேடையிலும் வானொலியிலும் பாட்டு ஒலிப்பதற்கான ராயல்டி எழுதியவர்களுக்கு அந்த வழியாகத்தான் வந்து சேரும்.

பெயருக்கு டிரேட்மார்க் எடுப்பதென்றால், கேளிக்கைச் சேவைகளுக்கு உரியது 41-ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழி விண்ணப்பத்துக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பதிவானால் 10 வருடம் செல்லும். ஆனால் ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால் நாளை அவர் விலகும்போது பேண்டின் பெயரும் அவரோடு போய்விடும். முதலில் ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, அதன் பேரில் எடுப்பதே சரி.

பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்

மொத்தப் பாட்டுகளையும் ஒரே நாளில் உட்கார்ந்து கேட்டு மூன்று பட்டியலாகப் பிரியுங்கள். பாடியவரின் குரலும் சொந்த வாழ்க்கையும் பிரிக்க முடியாதபடி கலந்த பாட்டுகளை இறக்கி வையுங்கள். ரிஃபோ (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) தாளக்கட்டோ தாங்கி நிற்கிற பாட்டுகள் தொடரும். மெட்டு பலமாக இருந்து அமைப்பு பழைய ஆட்களை நம்பியிருப்பவற்றை மாற்றி அமைக்க வேண்டும்.

ஒரு பாட்டு எந்தப் பட்டியலுக்குப் போக வேண்டும் என்று தெரியாவிட்டால், ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரோடு இப்போது இருப்பவர்களில் ஒருவர் பாடிப் பார்க்கட்டும். அப்படியும் பாட்டாக நின்றால் மாற்றி அமைக்கலாம். தொய்ந்து விழுந்தால் இறக்கி வைத்துவிடுங்கள். ரசிகர்கள் அதிகம் கேட்கும் பாட்டு என்பதற்காக மட்டும் ஒன்றை வைத்திருக்க வேண்டாம். அந்தப் பாட்டில்தான் ஒப்பீடும் கடுமையாக வரும்.

சுருதியை மாற்றுவது

குரல் மாறினால் முதலில் மாற வேண்டியது ஸ்கேல். புதிய பாடகர் பழைய ஸ்கேலில் "எட்டிவிடும்" என்று சொல்வதை நம்பக் கூடாது. ஜாம் ரூமில் டிரம்ஸ் சத்தத்துக்கு மேல் கோரஸை (பல்லவிபோலத் திரும்ப வரும் பகுதி) மட்டும் இடைவெளி இல்லாமல் மூன்று தடவை பாடச் சொல்லுங்கள். மூன்றாவது தடவையும் உச்ச ஸ்வரம் நடுங்காமல் நின்றால் அந்த ஸ்கேல் சரி. இல்லையென்றால் ஒரு செமிடோன் (அரை ஸ்வரம்) இறக்கி மறுபடி மூன்று தடவை. இறக்கிக்கொண்டே போனால் வெர்ஸின் (சரணம்போல வரும் பகுதி) கீழ் ஸ்வரங்கள் காற்றாகிவிடும், மைக்கில் ஏறாது. கோரஸுக்கும் வெர்ஸுக்கும் ஒரே ஸ்கேல் ஒத்துவராவிட்டால், வெர்ஸை வேறொருவர் பாடட்டும், அல்லது வெர்ஸ் மெட்டை மேலே தூக்கி எழுதுங்கள்.

கர்நாடக சங்கீதம் கற்ற ஒருவர் வந்தால் தன் சுருதியைக் கட்டையில் சொல்வார். ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து, ஐந்தரையை ஒட்டியும் பாடுவது வழக்கம். அதாவது ஆண் பாடிய பாட்டைப் பெண் பாட வரும்போது, ஒன்றிரண்டு செமிடோன் நகர்த்துவதில் பெரும்பாலும் வேலை முடியாது. நான்கு, ஐந்து ஸ்வரம் தள்ளிப் போக வேண்டியிருக்கும்.

இங்கே கிட்டாருக்குச் சிக்கல். ஈ ஸ்கேலில் திறந்த கம்பியை அடித்து எழுதிய ரிஃபை எஃப் ஷார்ப்புக்கு மாற்றினால் அந்த முழக்கம் போய்விடும். ஆனால் ஏ ஸ்கேலுக்கு மாற்றினால் மிஞ்சும். ஆறாம் கம்பியில் வாசித்ததை அதே ஃப்ரெட்டில் ஐந்தாம் கம்பிக்கு நகர்த்தினால் போதும், திறந்த கம்பி திறந்த கம்பியாகவே இருக்கும். மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குப் போகும் ஸ்வரங்களை மட்டும் ஒரு ஃப்ரெட் மேலே தள்ள வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு கம்பிகளுக்கு இடையிலான தூரம் மற்றவற்றைவிடக் குறைவு. அடிப்பகுதியின் கனம் கொஞ்சம் குறையும். அதை பேஸ் பார்த்துக்கொள்ளும்.

ஒன்று அல்லது இரண்டு செமிடோன் இறங்கினால் போதும் என்ற நிலையில் மொத்த டியூனிங்கையும் இறக்கலாம். அரைக் கட்டை இறக்க 10 கேஜ் (தடிமன் அளவு) கம்பியே தாங்கும். முழுக் கட்டை இறக்கினால் 11-க்கு மாறுங்கள். கம்பி தளர்ந்ததும் கழுத்தின்மேல் உள்ள இழுவிசை குறைந்து, கழுத்து நேராகி, கம்பி ஃப்ரெட்டில் உரசும். இதைக் கிட்டாரின் கோளாறு என்று எண்ணி பிரிட்ஜைத் தூக்குகிறவர்கள் உண்டு. முதலில் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைக் கால் திருப்பு தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மிதக்கும் டிரெமலோ (கைப்பிடியால் சுருதியை அசைக்கும் பிரிட்ஜ்) இருந்தால் பின்பக்க ஸ்பிரிங்கையும் சரிசெய்தே ஆக வேண்டும். பேக்கிங் டிராக் (மேடையில் கூடவே ஓடவிடும் முன்பதிவு) பயன்படுத்துகிறவர்கள் அதையும் புதிய ஸ்கேலில் மறுபடி எடுங்கள். மென்பொருளில் சுருதியை மட்டும் இறக்கினால் இரண்டு செமிடோனுக்கு மேல் குரலும் சிம்பலும் சிதைந்து கேட்கும்.

குறைந்த ஆளோடு நிறைவாக ஒலிப்பது

இரண்டு கிட்டார் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம் என்றால், அந்த ஒருவர் இரண்டு பேர் வாசித்ததையும் சேர்த்து வாசிக்க முயல்வார். கை நிறைய வேலை இருக்கும், பாட்டோ கலங்கலாகக் கேட்கும். பழைய பதிவில் இரண்டு கிட்டாரையும் தனித்தனியாக நிறுத்திக் கேளுங்கள். எதை நிறுத்தினால் பாட்டு அடையாளம் தெரியாமல் போகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை பேஸும் டிரம்ஸும் பிரித்து எடுக்கட்டும். ஹைஹேட்டில் ஓடிய தாளத்தை ஃப்ளோர் டாமுக்கு மாற்றினாலே கீழ்ப்பகுதி நிரம்பிவிடும்.

பேஸுக்கு டிஸ்டார்ஷன் கொடுத்து ஒலியைக் கரகரப்பாக்குவது மூவர் பேண்டுகளின் பழைய உபாயம். அதில் நடக்கும் தவறும் பழையதே: மொத்த பேஸையும் டிஸ்டார்ஷன் பெடலுக்குள் அனுப்பினால் அடிநாதம் கரைந்துவிடும், கோரஸ் சத்தமாக இருந்தும் மெலிந்து கேட்கும். சிக்னலை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதை சுத்தமாக, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் கொண்டுபோகட்டும். மற்றொன்றில் அதற்கு மேலுள்ளதற்கு மட்டும் டிஸ்டார்ஷன். பிளெண்ட் குமிழ் உள்ள பேஸ் பெடல் வாங்கினால் இந்த வேலை ஒரே பெட்டியில் முடிந்துவிடும். பாதிச் சுத்தம், பாதி அழுக்கு என்ற அளவில் தொடங்கி, டிரம்ஸோடு சேர்ந்து கேட்டு மாற்றுங்கள். தனியாகக் கேட்டு முடிவு செய்தால் எப்போதும் அழுக்கு கூடிப்போகும்.

கிட்டாரை இரண்டு ஆம்புக்குப் பிரித்து மேடையின் இரு புறமும் வைப்பதும் நன்றாக இருக்கும். இரண்டு ஆம்பும் வெவ்வேறு பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்தால் கிரவுண்ட் லூப் உண்டாகி உறுமும். அதற்காக எர்த் பின்னை வெட்டுவதோ டேப் ஒட்டுவதோ உயிருக்கு ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்பிளிட்டர் பெட்டி வாங்குங்கள். அதில் ஃபேஸ் மாற்றும் சுவிட்சும் இருக்கட்டும். சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் மெலிந்தால் அதை மாற்றிப் போட வேண்டும்.

கிட்டாருக்குப் பதில் கீபோர்டு வந்தால் பிரச்சினை வேறு. பியானோ கற்றவருக்கு இடது கை பேஸ் ஸ்வரத்துக்குப் போவது இயல்பு. அங்கே ஏற்கெனவே பேஸ் இருக்கிறது. நடு சி-க்குக் கீழே ஓர் ஆக்டேவுக்கு மேல் போக வேண்டாம் என்று ஒரு மாதத்துக்கு விதி வையுங்கள். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் பேஸ், கிட்டார், கீபோர்டு மூன்றும் நெருக்கி நின்றால் எந்த சவுண்ட் இன்ஜினியராலும் பிரிக்க முடியாது. அதை அறையிலேயே, வாசிக்கும் கையிலேயே சரிசெய்ய வேண்டும்.

பேக்கிங் டிராக் வேண்டுமென்றால் குறைவாகவே போடுங்கள். இடது சேனலில் கிளிக் (வேகம் காட்டும் தட்டொலி), வலது சேனலில் டிராக் மோனோவாக. கிளிக் டிரம்மரின் இயர்போனுக்கு மட்டும், டிராக் டிஐ பெட்டி (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக மிக்சருக்கு. கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸில் இருந்து, வாசிக்கும் கருவி அதை 48 என்று எடுத்துக்கொண்டால் பாட்டு வேகமாகவும் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் மேலேயும் ஓடும். இது சவுண்ட்செக்கில் முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும், அதனால் சவுண்ட்செக் இல்லாத மேடையில் டிராக் வேண்டவே வேண்டாம். டிராக் நின்றுபோனாலும் பாட்டை முடிக்கும்படி, வாரம் ஒரு முறை அது இல்லாமலே வாசித்துப் பழகுங்கள்.

ஆடிஷன்

பத்து நாள் முன்னதாக மூன்று பாட்டு அனுப்புங்கள். முதலாவது, பதிவில் உள்ளபடியே வாசிக்க. இரண்டாவது, அவர் விருப்பப்படி மாற்றி வாசிக்க. மூன்றாவது, நீங்கள் இன்னும் முடிக்காத ஒரு பாட்டின் ஒரு நிமிட டெமோ. முதல் பாட்டு, அவர் வேலை செய்து வந்திருக்கிறாரா என்பதைக் காட்டும். உண்மையான தேர்வு மூன்றாவதில்தான். தன் பகுதியைத் தானே கட்டத் தெரிந்தவர் யார் என்று பத்து நிமிடத்தில் விளங்கும்.

ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஜாம் ரூம் வாடகை பேண்டுடையது. ஒரு பாட்டை இரண்டு தடவை வாசியுங்கள். இரண்டாவது தடவை சொல்லாமலே நீங்கள் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். அவரும் கூடவே இறங்கினால் காது திறந்திருக்கிறது. இறங்காமல் தன் போக்கில் வாசித்தால், கை எவ்வளவு வேகமானாலும் அவரோடு புதுப் பாட்டு எழுதுவது சிரமம். எல்லாவற்றையும் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துக் கேட்டு முடிவெடுங்கள். அறையில் சத்தத்தில் உண்டாகும் உற்சாகம் ஏமாற்றும்.

முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே கேட்க வேண்டியவை: வாரத்தில் எந்த நாட்கள் முடியும், வேறு எத்தனை பேண்டில் இருக்கிறார், வெளியூர்ப் பயணத்துக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்குமா, சொந்தக் கருவி என்ன இருக்கிறது. அவர் கேட்க வேண்டியதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்: அவர் உறுப்பினரா, கச்சேரிக்கு இவ்வளவு என்று வாங்குகிற செஷன் இசைக்கலைஞரா? இரண்டும் மரியாதையான ஏற்பாடுதான். உறுப்பினர் என்று சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது மட்டும் ஒதுக்கி வைப்பது தவறு. மூன்று மாதம் அல்லது மூன்று கச்சேரி பழகிப் பார்த்து, பிறகு இரு தரப்பும் பேசி உறுதி செய்யலாம். அந்த மூன்று மாதத்தில் எழுதும் பாட்டுகளில் அவருக்குப் பங்கு உண்டு என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

எட்டு வாரம்

வாரம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம் பேஸும் டிரம்ஸும் மட்டும் சந்திக்கட்டும், குறிப்பாக டிரம்மரோ பேஸிஸ்டோ புதியவர் என்றால். ஒரே பிபிஎம்மில் வாசித்தாலும் ஒரு டிரம்மர் கிளிக்குக்குச் சற்று முன்னால் அடிப்பார், இன்னொருவர் பின்னால் சாய்ந்து அடிப்பார். பழைய டிரம்மருக்குப் பழகிய பேஸிஸ்ட் இதை உணராமல் "ஏதோ ஒட்டவில்லை" என்பார். மெட்ரோனோமை பாதி வேகத்தில் வைத்து, கிளிக் இரண்டாம், நான்காம் அடியில் விழும்படி வைத்து, ஒரே வெர்ஸை இருபது நிமிடம் வாசித்தால் இருவரும் ஓர் இடத்தில் சேர்வார்கள்.

இரண்டாம் வாரம் முதல் எல்லோரும் சேர்ந்து. ஜாம் ரூமில் சத்தத்தை இந்த வரிசையில் கட்டுங்கள்: முதலில் மைக் இல்லாத டிரம்ஸ். அதற்கு மேல் குரல், பிஏ (குரலை ஒலிக்கும் ஒலிபெருக்கி) ஊளையிடாத எல்லை வரை. குரல் தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் கீழே பேஸ், கிட்டார், கீபோர்டு. கிட்டாரில் தொடங்கினால் ஒருவரை ஒருவர் மிஞ்சிச் சத்தம் ஏறும். புதிய பாடகர் தன் குரல் கேட்காமல் கத்திப் பாடி மூன்றாவது வாரத்தில் தொண்டை கட்டிக்கொள்வார், எல்லோரும் அவரைத் தவறாக எடைபோடுவார்கள்.

மூன்றாம் வாரம் முதல் ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் ஒரு மணி நேரம் புதுப் பாட்டுக்கு. கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளினால் களைப்பில் நடக்காது. யோசனை புதியவரிடமிருந்து தொடங்கட்டும்; நிறுவியவர் முழு டெமோவோடு வந்து "இதை வாசி" என்று கொடுக்கிற பழக்கத்தை எட்டு வாரத்துக்காவது நிறுத்தி வைக்க வேண்டும். முழுமையான டெமோ கேட்ட பிறகு புதியவர் அதில் உள்ளதை நகல் எடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய மாட்டார். கைபேசியில் எடுத்த முப்பது வினாடி ஹம்மிங், இரண்டு கார்டு, ஒரு தாளம், இவ்வளவு கொண்டுவந்தால் போதும். நான்கு பேருக்கும் கட்ட இடம் இருக்கும்.

ஆறாம் வாரம் முதல் செட்லிஸ்டை நிறுத்தாமல், நின்றுகொண்டே, பாட்டுக்கிடையே பேசுவது உட்பட ஓட்டுங்கள். ஒரே டியூனிங்கில் உள்ள பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் டியூன் செய்யும் நாற்பது நொடி மேடையில் நான்கு நிமிடமாகத் தெரியும்.

முதல் மேடை

புதிய ஆட்களோடு நடக்கும் முதல் கச்சேரியைப் பெரிய திருவிழாவில் வைக்காதீர்கள். நூறு பேர் கொள்ளும் அறை, நாற்பது நிமிடம், எட்டுப் பாட்டு. அதில் ஐந்து புதியவை, மாற்றி அமைத்த பழையவை மூன்று. தொடக்கமும் முடிவும் புதுப் பாட்டாக இருக்கட்டும், பழையவை நடுவில் வரட்டும். பழைய பாட்டில் தொடங்கினால் கேட்கிறவர்கள் முதல் நிமிடத்திலேயே ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள், பிறகு புதுப் பாட்டுக்குக் காது திரும்ப நேரம் பிடிக்கும்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கச்சேரிகளின் ஏற்பாட்டாளர்களிடம், பொதுவில் அறிவிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். புதிய இன்புட் லிஸ்ட் (மிக்சரில் இணைக்க வேண்டிய மைக், கருவிகளின் பட்டியல்), மேடை வரைபடம், புதிய புகைப்படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய லிஸ்டை நம்பி அவர்கள் நான்கு மைக்கும் இரண்டு டிஐயும் வைத்திருக்க, நீங்கள் கீபோர்டு ஸ்டீரியோவோடு போய் நின்றால் சவுண்ட்செக் நேரம் அதிலேயே கரையும்.

பொது அறிவிப்பு ஒன்றே ஒன்று, விலகியவரும் படித்துச் சரி சொன்னதாக. பழைய வீடியோக்களை அழிக்காதீர்கள், அவர் பெயரை எங்கும் நீக்காதீர்கள். அவை அவருடைய உழைப்பு.

பதிவும் வெளியீடும்

ஸ்டுடியோ ஆல்பத்துக்கு அவசரப்படாமல், நான்கைந்து மேடைக்குப் பிறகு இரண்டு மூன்று பாட்டை எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்து நேரடியாகப் பதிவு செய்யுங்கள். புஷ் ஹாலில் நடந்தது பெரிய அளவில் இதுதான். ஓவர்டப் (பிறகு மேலே சேர்க்கும் பதிவு) குறைவாக இருக்கும்போது இப்போது உண்மையில் என்ன ஒலிக்கிறது என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆம்புகளைப் பக்கத்து அறையில் வைத்து, பாடுகிறவர் மட்டும் தனித் தடுப்பில் நின்றால் குரலைப் பிறகு திருத்த முடியும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து டேக்குக்கு மேல் போகாதீர்கள். ஆறாவதிலிருந்து தவறு குறையும், உயிரும் குறையும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கோப்பை வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் பாட்டு அங்கே இருக்க வேண்டும். பழைய பாட்டின் புதுப் பதிவு என்றால் தலைப்போடு வருடமோ 'நேரடிப் பதிவு' என்பதோ சேருங்கள், இல்லையென்றால் தேடுகிறவர்களுக்கு இரண்டும் குழம்பும். யூடியூபில் ஏற்றும்போது உங்கள் பழைய பதிவின் பேரிலேயே காப்புரிமைக் கோரிக்கை வந்து விழலாம். வெளியீட்டு நாளில் பதறாமல் இருக்க, வீடியோவை மூன்று நாள் முன்பு தனிப்பட்ட நிலையில் ஏற்றி வையுங்கள். கோரிக்கை வந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதி, வெளியிடும் நாளுக்குள் நீக்கிக்கொள்ள நேரம் இருக்கும்.